தொட்டிலுக்கு மேல் நார்த்தகடு

அனுப்புநர்:
யே. லூர்தம்மாள்,
க/பெ யேசுராஜ்,
சிற்றாலயத் தெரு, வேலந்தாங்கல் கிராமம்,
சுங்குவார்சத்திரம் வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் ஊர்க் குழந்தைகள் காப்பகத்தின் மேல் கனகாம்பிகை நூற்பாலை ஆய்வுப் பிரிவு பரீட்சைக்காகப் போட்ட நார்த்தகட்டுக் கூரையை ஐப்பசி மழைக்கு முன் இறக்க உத்தரவிடக் கோருதல் - ஆயா சரோஜா மீது சொல்லப்பட்ட பொய்க் குற்றத்தை மறுத்தல் - தொடர்பாக.

பார்வை: ஆய்வு அதிகாரி திரு. பகலவன் எங்களுக்கு அனுப்பிய 4.9.1991 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவள். ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. எங்கள் ஊரில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் மேற்படி ஆலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்கள் நாங்களே சேர்ந்து நடத்துவது இந்தக் காப்பகம். சரோஜா ஆயாவாக இருக்கிறார். வரவு செலவு என் பொறுப்பு. தாய்மார்கள் யாரும் இதில் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் மறுநாள் ஆலை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். என் கணவர் சுங்குவார்சத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என் வீட்டில் ஒருவருக்கும் அந்த ஆலையில் பிழைப்பு இல்லை. அதனால்தான் இது என் பெயரில் வருகிறது.

2. காப்பகத்துக்கு முன்பு பனையோலைக் கூரை இருந்தது. சென்ற சித்திரையில் திரு. பகலவன் வந்து, ஆலையில் வீணாகும் பஞ்சையும் புளிச்சை நாரையும் பிசினில் தோய்த்து அழுத்திப் புதுவிதத் தகடு கண்டுபிடித்திருப்பதாகவும், ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதில் நாளைக்கு நாடெங்கும் இதுதான் வரப்போகிறது என்றும் சொன்னார். நூல் விலை போகாத காலத்தில் ஆலையைக் காப்பாற்றப் போவது இதுதான் என்றும் சொன்னார். எங்கள் காப்பகத்துக்கு அதை அன்பளிப்பாகத் தருவதாகச் சொன்னார். அன்பளிப்பு என்றுதான் வாசலில் பலகையும் மாட்டியிருக்கிறார்கள். பரீட்சை என்ற சொல்லை அன்றைக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. நாங்களும் நம்பி, இருந்த ஓலையைப் பிரித்துக் கொடுத்தோம்.

3. ஆவணி மாதம் பெய்த இடி மழையிலேயே பின்பக்கத் தகடுகள் தண்ணீரைக் குடித்துவிட்டன. முதலில் நனைந்த கோணி நாற்றம் வந்தது. பிறகு பூசணம் பிடித்தது. பிறகு தகடுகள் உப்பி, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயிறு போலத் தொங்க ஆரம்பித்தன. ஒரு பகல் வேளையில், திருகாணி போட்ட ஓட்டை கிழிந்து ஒரு தகட்டின் முனை நேராகத் தொட்டிலின் மேல் இறங்கியது. அது மீனம்மாள் மகள் இசைவாணியின் தொட்டில். பிறந்து நாலு மாதமான குழந்தை. அழுதது என்று சரோஜா அப்போதுதான் தூக்கி மடியில் போட்டிருந்தார். மாதா காப்பாற்றினார். ஆலை காப்பாற்றவில்லை.

4. மறுநாளே சரோஜாவும் நானும் திரு. பகலவனைப் பார்க்கப் போனோம். கழற்றிவிடுங்கள் என்று கேட்டோம். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஒரு மழக்காலம் தாங்குதான்னு பாக்கத்தாம்மா போட்டதே. இப்பவே கழட்டிட்டா எங்க ஆராய்ச்சி இன்னாவுறது?” அதற்கு சரோஜா, “சார், மழ தாங்குதான்னு பாக்க ஒங்க ஆபீஸு மேல போட வேண்டியதுதானே? எங்க புள்ளைங்கதான் கெடச்சுதா?” என்று கேட்டார். “இங்க பாரும்மா, ஆயான்னா ஆயா மாதிரி பேசு” என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

5. அதன் பிறகு வந்ததுதான் பார்வையில் கண்ட கடிதம். புதுக் கூரையின் திறப்பு நாளில் ஆயா சரோஜா தகட்டுக்கு அடியில் தீ மூட்டியதால் சூடு ஏறித் தகடு பலம் இழந்தது, இது பயன்படுத்தியவர் தவறு, தகட்டில் தவறில்லை, ஆகவே பரீட்சை தொடரும், ஆலைச் சொத்தாகிய தகடுகளை யாராவது தொட்டால் போலீசில் புகார் கொடுக்கப்படும் என்று எழுதியிருக்கிறார். தங்கள் அலுவலகத்துக்கும் நகல் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாங்கள் அதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

6. சரோஜா தீ மூட்டினார் என்பது உண்மை. பால் காய்ச்சினார். புதுக் கூரைக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் முன் பால் பொங்க வேண்டாமா? பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் காத்திருந்தார். ராகுகாலம் முடியட்டும் என்று எல்லோரையும் நிறுத்தி வைத்தவர் திரு. பகலவன்தான். “நல்லா பொங்கட்டும், கெழக்கால பொங்கட்டும்” என்று அடுப்பருகில் நின்று சொன்னவரும் அவர்தான். பொங்கிய பாலில் முதல் டம்ளர் அவருக்குத்தான் கொடுத்தோம். சர்க்கரை போதாது என்று கேட்டு வாங்கி இரண்டாவது டம்ளரும் குடித்தார். அந்தப் பாலுக்கும் சர்க்கரைக்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. அதைக் காட்டி ஆட்சியர் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். ஆனால் குடித்த வாயால் இன்று தீ வைத்தாள் என்று சொல்வதைச் சகிக்க முடியவில்லை.

7. அதற்குச் சாட்சி எங்களிடம் தேட வேண்டாம். அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஆலையின் முன்கூடத்தில் அவர்களே மாட்டியிருக்கிறார்கள். அதில் அடுப்பு வாசற்படிக்குப் பக்கத்தில் எரிகிறது. திரு. பகலவன் டம்ளரும் கையுமாகச் சிரிக்கிறார். தொங்குவதோ பின்சுவர் ஓரத் தகடுகள். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தகட்டில் ஓர் உள்ளங்கை அளவு புகைக்கறை இருக்கிறது. ஐயா தயவுசெய்து கவனிக்க வேண்டும்: இந்தக் கூரையில் இன்றுவரை நேராக நிற்பது அந்த வாசல் பக்கத் தகடுகள் மட்டுமே.

8. அது ஏன் என்று, கூரை போட்ட ஆட்களில் ஒருவரே எங்களிடம் சொன்னார்: “அக்கா, பிசின் ரெண்டு கை பூசணும். வெட்டின ஓரம், திருகாணி ஓட்டை எல்லாத்துக்கும் பூசி அடைக்கணும். டின்னு வர்ல. தொறப்பு விழா தேதி மட்டும் வந்துட்ச்சு. போட்டோவுல தெரியட்டும்னு வாசப்பக்கம் மட்டும் ரெண்டாங் கை பூசச் சொன்னாரு.” அவர் பிழைப்பை நினைத்துப் பெயர் எழுதவில்லை. தாங்கள் தனியாக விசாரித்தால் தங்களிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே போட்டோவில் விழும் தகட்டுக்குப் பிசின் உண்டு. பிள்ளை தூங்கும் தகட்டுக்கு இல்லை.

9. இப்போது பின்பாதியில் யாரும் போகாதபடி குறுக்கே பழம்புடவை கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் வாசல் பாதியில் நெருக்கி வைத்திருக்கிறோம். தொட்டில் கட்ட இடமில்லை. என் மகள் ஜோவிதாவும் அங்கேதான் இருக்கிறாள். வாரம் தவறாமல் ஆலை ஆள் ஒருவர் வருகிறார். புடவையை விலக்கி, ஏணி போட்டு, தகடு எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போகிறார். அடியில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் ஒரு நாளும் எழுதியதில்லை.

10. ஆராய்ச்சி கூடாது என்று நான் சொல்லவில்லை. நாரில் தகடு செய்யட்டும், நாடெங்கும் விற்கட்டும், ஆலை பிழைக்கட்டும். எங்கள் பெண்களுக்கும் அதில்தான் கூலி. பரீட்சையை வெட்டவெளியில் நாலு கம்பு நட்டுச் செய்யலாமே? எங்களிடம் மறைத்துப் பிள்ளைகளின் தலைக்கு மேல் செய்தது பாவம். திரு. பகலவனை மன்னிக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் முயற்சி செய்கிறேன். இன்னும் முடியவில்லை.

ஆகவே, ஐப்பசி பிறக்கும் முன் மேற்படி தகடுகள் முழுவதையும் ஆலையே இறக்கிக் கொண்டுபோகவும், எங்களிடம் பிரித்து வாங்கிய ஓலைக்கு ஈடாகப் புது ஓலை வேய்ந்து தரவும், சரோஜா மீது எழுதியதை எழுதியவரே எழுத்தில் திரும்பப் பெறவும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

புரட்டாசி கடைசி வரை காத்திருப்போம். அதற்குள் உத்தரவு வராவிட்டால் ஊர்ப் பெண்கள் நாங்களே ஏணி போட்டு ஏறுவோம். ஒரு தகட்டையும் உடைக்க மாட்டோம். திருகாணி முதற்கொண்டு ஆலை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வருவோம். போலீஸ் வந்தால் என் பெயரைக் கேட்கட்டும், மேலே விலாசத்தோடு எழுதியிருக்கிறேன்.

யார் இறக்கினாலும், புது ஓலை ஏறும் அன்று அதே வாசலில் அதே அடுப்பில் மறுபடியும் பால் காய்ச்சுவோம். சரோஜாதான் காய்ச்சுவார். அதற்கு ஆட்சியர் அவர்களைக் குடும்பத்தோடு அழைக்கிறோம். திரு. பகலவனுக்கு அழைப்பு இல்லை.

இடம்: வேலந்தாங்கல்
நாள்: 16.9.1991

தங்கள் நீதியை எதிர்பார்க்கும்,
யே. லூர்தம்மாள்

(இது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. “ஆயா மாதிரிதான் பேசினேன்” என்று சேர்த்து எழுதச் சொன்னேன்.
சரோஜா, இடது கை பெருவிரல் ரேகை)