பூட்டுப் போட்டு வந்த போன்

டிசம்பர் 2, 2025, செவ்வாய்

பீப்பாய் வந்துவிட்டது! புரூக்ளினிலிருந்து யுடோரா சித்தி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அனுப்பும் பீப்பாய். அக்கா கிளாரிஸின் ரம் கடை வாசலில் வைத்துத் திறந்தோம். வேறு எங்கே திறப்பது, போன வருடப் புயலில் என் வீட்டுக் கூரை பாதி போய் இன்னும் தார்ப்பாய்தான் படபடக்கிறது.

அரிசி, எண்ணெய், சோப்பு, ஹாம் டின், யார் காலுக்கும் சேராத செருப்பு. ஓட்ஸ் டப்பாவுக்குள் கையை விட்டால் ஒரு காலுறை. காலுறைக்குள் போன். புத்தம் புதுசு! இன்னொரு டப்பாவில் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் நாங்கள் முடியைப் பிடித்துச் சண்டை போடுவோம் என்பது சித்தியின் கணிப்பு. எனக்கு முப்பத்தாறு, அக்காவுக்கு நாற்பத்தொன்று.

பெட்டிகள் மட்டும் தட்டையாக மடங்கிப் பீப்பாயின் அடியில் கிடந்தன. வழியில் திருடுகிறவன் பெட்டியைத்தான் தேடுவான் என்று சித்தி எப்போதும் இப்படித்தான் கட்டுவாள். பெட்டிகளில் பெயர் ஒட்டியிருந்தது, கிளாரிஸ், டெல்மா என்று. அவள் ஒரு போனை எடுத்தாள், நான் ஒன்றை எடுத்தேன். சித்தி அங்கேயே தன் மெயில் கணக்கைப் போட்டு எல்லாம் தயார் செய்துதான் அனுப்பியிருக்கிறாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடி, அதான் நானே எல்லாம் பண்ணிட்டேன்" என்றாள் அக்காவின் பழைய போனில்.

என் சொந்த போன். புயலுக்குப் பிறகு முதல் முறை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அதே நாள், சாயங்காலம்

சிரித்தது போதும். சிம் கார்டைப் போட்டேன். "இந்த சிம் ஏற்கப்படாது. பூட்டைத் திறக்கும் எண்ணைக் கொடு" என்கிறது. அமெரிக்கக் கம்பெனிப் பூட்டு. இந்தத் தீவில் இருப்பதே இரண்டு கம்பெனி, இரண்டையுமே வேண்டாம் என்கிறது. எவ்வளவு அழகான சோப்பு டப்பா!

டிசம்பர் 3

இந்த போனுக்கு நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை படகுத்துறையில் என் ஆள் ஆஸ்ரிக் கேட்டுவிட்டான். "லேடி ரூபி" சரக்குப் படகில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, ஏதோ உப்பு இருக்கிறதா என்பது போல. "டெல்மா, டிரினிடாட்ல பெரிய கப்பல் வேலை வந்திருக்கு. பதினஞ்சாம் தேதி கையெழுத்து. போட்டா ரெண்டு வருஷம் கடல்தான். நீ வேணாம்னு சொன்னா போடமாட்டேன். இங்கேயே இருப்பேன். உன் வீட்டுலயே. கல்யாணம் பண்ணி."

நான் கையில் ரொட்டிக் கூடையோடு வாயைத் திறந்தபடி நின்றேன். பேக்கரி முதலாளி வேறு பக்கத்தில். "யோசிச்சு சொல்றேன்" என்றேன்! யோசிக்க என்ன இருக்கிறது, மடச்சி? படகு போய்விட்டது, இனி பதினைந்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வராது.

"அக்கா போன்ல வேணாம்" என்று கத்தினான், தூரத்திலிருந்து. "உன் முகத்தைப் பாத்து கேக்கணும்."

அக்காவின் போனில் எப்படிச் சொல்வேன்? அவள் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போடுவாள். போன வருடம், உன் சட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று ஆஸ்ரிக்கிடம் ஒரு வார்த்தை சொன்னேன். கடையில் இருந்த பராங் பாட்டுக்காரர்கள் காதில் விழுந்தது. கிறிஸ்மஸுக்கு வீடு வீடாக வந்து ஊரின் ஒரு வருட மானக்கேட்டையும் பாட்டாகக் கட்டிப் பாடுவதுதானே அவர்கள் தொழில்? கித்தார், வயலின், மேளத்தோடு என் சட்டையைத் தீவு முழுக்கக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் பேக்கரியில் நான் "சட்டை டெல்மா". சிம் இல்லாமலே பேச நூலகத்தில் இலவச வைஃபை இருந்தது, அதையும் புயல் கொண்டுபோனது.

ஆக, பதினைந்துக்குள் இந்தப் பூட்டு திறந்தாக வேண்டும்.

டிசம்பர் 5

சித்தி அவளுடைய கம்பெனியிடம் மூன்று மணி நேரம் போனில் மன்றாடி இரண்டு எண் வாங்கிவிட்டாள். முழுப் பணமும் கட்டி வாங்கிய போன் என்பதால் கொடுத்தார்களாம். பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தாளாம், அதைச் சொல்லித்தான் வாங்கினாளாம். "இது டெல்மாவுக்கு, இது கிளாரிஸுக்கு. மாத்திப் போட்டுறாதீங்க, அஞ்சு தடவை தப்பாப் போட்டா போன் கல்லாயிடும்."

சித்தி வாழ்க! இதோ போடப் போகிறேன்.

அதே நாள்

தப்பு என்கிறது.

மறுபடி, ஒவ்வொரு எண்ணாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். தப்பு. இன்னும் மூன்று வாய்ப்பு என்கிறது.

டிசம்பர் 6, சனி

அக்காவின் போனும் திறக்கவில்லை. அவளுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது, வாடிக்கையாளருக்கு ரம் ஊற்றிக்கொண்டே ஒரே எண்ணை நான்கு முறை போட்டிருக்கிறாள். "எனக்கு மட்டும் சித்தி ஓட்டையைத் தள்ளிவிட்டா" என்று போனை மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் அதற்கு.

என்னுடையதும் திறக்கவில்லை என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல். பார்த்தேன்!

டிசம்பர் 9

டவுனுக்கு, ஹில்ஸ்பரோவுக்குப் போனேன். அங்கே கெலன் என்கிற போன் ரிப்பேர்க்காரன், எல்லோரும் "டாக்டர்" என்பார்கள், அவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போடாத குறை.

"குடுங்க. பெட்டி இருக்கா? பெட்டி இருந்தா போதும், நோயாளியை எழுப்பவே வேணாம்." பெட்டியைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான். "கரெக்டா இருக்கே. நீங்க போட்ட விதம் தப்பு."

"எண்ணைப் போடறதுல என்ன விதம்?"

"ஒரு கைராசி இருக்கு அக்கா."

கைராசியோடு போட்டான். தப்பு. அவனுக்கு வியர்த்தது. இன்னொரு முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு — "டேய், போடாதே!" என்று நான் கத்துவதற்குள் போட்டுவிட்டான். தப்பு. எனக்கும் இப்போது ஒரே ஒரு வாய்ப்பு.

அவனை அறையாமல் வந்தது என் நல்ல குணம். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது செத்துவிட்டார்களா என்றாள். இல்லை, போன் என்றேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

டிசம்பர் 10

தூக்கமில்லை. பதினைந்துக்குள் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். அக்கா போனிலேயே சொல்லிவிடலாமா? சரி, போடாதே, வா. இவ்வளவுதானே. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் — ஐயோ, முடியாது. "முகத்தைப் பாத்து கேக்கணும்" என்றானே. அவனுடைய அந்த ஒரே ஆசையையும் நான் ரம் கடை ஸ்பீக்கரில் போடுவதா?

டிசம்பர் 11, வியாழன்

இதை உடனே எழுதியாக வேண்டும், நல்ல செய்தி!

காலையில் மறுபடி டாக்டரிடம் போனேன், சண்டை போடத்தான். அவன் ஒரு மீனவரின் பழைய போனை வாங்க விலை பேசிக்கொண்டிருந்தான். திருட்டு போனா என்று பார்க்க அதில் ஏதோ அழுத்தினான். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ். திரையில் நீளமாக ஒரு எண் வந்தது.

"அது என்ன?"

"இதுதான் போனோட பிறப்பு எண். ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணு. பெட்டியில இருக்குமே, அதேதான்."

"என்னுடையதுல அழுத்திப் பாத்தியா?"

அவசரமாக என் போனை வாங்கினான். அழுத்தினான். நான் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். கடைசி நான்கு எண்ணும் வேறு! முற்றிலும் வேறு!

ஓட்ஸ் டப்பா. காலுறை. சித்தி போன்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காலுறையில் போட்டவள், எது எந்தப் பெட்டி என்று யாருக்குத் தெரியும்? என் கையில் இருப்பது அக்காவின் பெட்டிக்காரன். திருடனை ஏமாற்றப் போய் எங்களையே ஏமாற்றியிருக்கிறாள். நாங்கள் ஆளுக்கொரு வாசலில் நின்று அடுத்தவள் வீட்டுச் சாவியைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றான் டாக்டர். மீனவரே சிரித்துவிட்டார்.

அதே நாள், கடை மூடிய பிறகு

அக்காவின் பெட்டியையும் பார்த்தேன். அதில் இருந்தது என் போனின் எண். இனி சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஒரே வாய்ப்பு. ஆளுக்கு ஒன்று. யார் முதலில்?

"உன்னோடது முதல்ல போடு" என்றேன். "நீ பெரியவ."

"பயந்தாங்கொள்ளி. தப்பாப் போனா என்னுது கல்லாகட்டும்னு பாக்கிறியா?"

"ஆமா."

சிரித்தாள். பிறகு தன் பழைய போனை எடுத்து, அவளுக்கென்று சித்தி அனுப்பிய எண்ணை எனக்கு வாசித்தாள். மெதுவாக, ஸ்பீக்கர் இல்லாமல். "உன்னுதே முதல்ல போடுடி. எனக்கு யாரு காத்துக்கிட்டிருக்கா? உனக்கு ஆள் காத்துக்கிட்டிருக்கான். பதினஞ்சாம் தேதின்னு படகுத்துறையில எல்லாரும்தான் கேட்டாங்க."

எல்லோரும் கேட்டார்களாம்! இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள் இவள்.

போட்டேன். சுற்றியது. சுற்றியது. திறந்தது!

கத்தியதில் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. அக்காவுடையதும் திறந்தது. ஒரு கம்பெனி சிம் போட்டோம், பேசியது. மற்ற கம்பெனி சிம் போட்டோம், அதுவும் பேசியது. ஒரு கிளாஸ் இஞ்சிச் சாராயம் குடித்தோம். கடையில் கிடந்த யாரோ ஒரு டிரினிடாட்காரனின் சிம்மைப் போட்டோம், அதற்கும் தலையாட்டியது. இனி இது யார் வீட்டுப் போனும் இல்லை, என் போன்.

டிசம்பர் 12, வெள்ளி

பேக்கரி வேலை முடிந்ததும் யாரும் இல்லாத கடற்கரைப் பக்கம் போனேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றானே, அதனால் வீடியோ. ஆறு முறை எடுத்தேன்.

முதலில் பேசத் தொடங்கும்போதே ஒரு ஆடு வந்து போனை நக்கியது. "சரி சரி, போ, சரி" என்று அதை விரட்டுவதிலேயே முடிந்தது. இரண்டாவதில் அழுதுவிட்டேன். மூன்றாவதில் அவனைத் திட்டினேன், ரொட்டிக் கூடையோடு நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று. நான்காவதில் மணற்பூச்சி கடித்தது. ஐந்தாவதில் உன் சட்டை இன்னும் என் தலையணையில்தான் என்று உளறிவிட்டேன், அது வேண்டவே வேண்டாம். ஆறாவதுதான் ஒழுங்கு. "சரி. கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா."

ஆறாவதை மட்டும் அனுப்பினேன். முதல் முறையாக யார் காதிலும் விழாமல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 13

இன்னும் பார்க்கவில்லை. கடலில் இருப்பான்.

டிசம்பர் 14

பார்த்துவிட்டான்! பதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு படம். "லேடி ரூபி"யின் தளத்தில் கட்டுக் கட்டாகத் தகரத் தகடு. கூரைத் தகடு! பேக்கரியில் மாவோடு மாவாக உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன்.

டிசம்பர் 20, சனி

கொஞ்ச நேரம் முன்புதான் வீடு அமைதியானது. எங்கிருந்து தொடங்க?

இருட்டும் நேரத்தில் பராங் கூட்டம் என் வாசலில். கித்தார், வயலின், மேளம், பின்னால் பாதி ஊர். போன வருடச் சட்டையை மறுபடி பாடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பாடகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினான்:

"முதல் சரி யாருக்கு? நக்கின ஆட்டுக்கு!
மிச்ச சரி யாருக்கு? ஆஸ்ரிக் வீட்டுக்கு!
சட்டை எங்கே சட்டை எங்கே?
இன்னும் தலையணையில!"

ஆடு இவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அனுப்பவே இல்லையே!

அக்கா கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தன் புது போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் என் ஆறு வீடியோவும் வரிசையாக இருந்தன. சித்தி இரண்டு போனிலும் தன் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறாள். நான் எதை எடுத்தாலும் அது அக்காவின் போனுக்கும் போகிறது, புரூக்ளினுக்கும் போகிறது. கம்பெனிப் பூட்டைத் திறக்க ஒன்பது நாள் அலைந்தேன். வீட்டுக்குள் கதவே இல்லாததைக் கவனிக்கவில்லை.

"அடிப்பாவி, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா பாட்டு வந்திருக்குமா?"

கதவைச் சாத்திக்கொள்ளத்தான் போனேன். அப்போது மேளக்காரனுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். தோளில் தகரத் தகடு, வாய் நிறையச் சிரிப்பு. மத்தியானமே படகு வந்துவிட்டதாம், பாட்டு கட்டும்வரை இவர்கள் அவனைக் கடையிலேயே ஒளித்து வைத்திருந்தார்களாம்.

"சட்டையைக் குடு" என்றான். "குளிருது."

"தரமாட்டேன்" என்றேன், ஊர் முழுக்கக் கேட்கும்படி. பிறகு எல்லோருக்கும் கறுப்புக் கேக் வெட்டி, சிவப்புச் சோரல் பூப் பானமும் ஊற்றிக் கொடுத்தேன், ஆட்டுப் பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னேன்.

ஜனவரி 9, 2026

கெலன் டாக்டர் நேற்று கடைப்பக்கம் வந்தான். "கணக்கைப் பிரிச்சுத் தரேன் அக்கா, ரெண்டு நிமிஷம். அப்புறம் உங்க படம் உங்களுக்கு மட்டும்தான்."

ஆகட்டும் என்றுதான் வாயெடுத்தேன். முந்தின நாள் சித்தி பேசியது நினைவுக்கு வந்தது. "வேலை முடிஞ்சு ரயில்ல வரும்போது உங்க படத்தைத்தான் பாத்துட்டு வரேன், கண்ணு. நேத்து ஆஸ்ரிக் அடிச்ச மூணாவது ஆணி கோணல். சொல்லு அவன்கிட்ட." பனியில் மூக்கடைத்த குரல். பதினேழு வருடமாக அவள் இங்கே வரவில்லை.

அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரை அனுப்பிவிட்டேன்.

இன்று கூரை முடிந்தது. தார்ப்பாயை மடித்து வைத்தோம். ஏணியில் ஆஸ்ரிக், கீழே அதிகாரம் செய்யும் அக்கா, மேலே வெயிலில் கண் கூசும் தகரம். எட்டுப் படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்ப வேண்டியதும் இல்லை. சித்தி இந்நேரம் ரயில் ஏறியிருப்பாள்.