கதவுக்கு வெளியே நின்ற மேஜர்

மேஜர்,

நேற்றுக் காரைக்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே, வார் அறுந்த என் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். தைப்பவர் வேறு யாருடைய சூவுக்கோ கருப்பு பாலிஷ் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனைக்கு எனக்குத் தும்மல்தான் வந்திருக்க வேண்டும். நீங்கள் வந்தீர்கள்.

கண்டனூரில் கத்திரிக்காய் வாங்கப் போவதற்கு சூ பாலிஷ் போட்ட ஒரே மனிதர் நீங்கள். "புழுதியில் நடக்கப்போகிற சூவுக்கு எதற்கு இந்த அலங்காரம்?" என்று கேட்டேன். "நீயும்தான் தினமும் சவரம் செய்கிறாய். முகத்தில் ஏதாவது முன்னேற்றம் உண்டா?" என்றீர்கள். அன்றைக்கே உங்களோடு பேச்சை முறித்திருக்க வேண்டும். மானமுள்ளவன் அதைத்தான் செய்வான். நானோ மறுநாள் மாலையே காப்பி நேரம் பார்த்து வந்து நின்றேன்.

பெரிய வீடுகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டத்தில் ஒருவராக வந்து, கூட்டம் பஸ் ஏறியபோது ஏறாமல் நின்றவர் நீங்கள். அவற்றில் ஒரு வீட்டு ஆச்சி தன் பின்கட்டை உங்களுக்கு வாடகைக்கு விட்டார். உளவு பார்க்க வந்திருக்கிறார் என்றது டீக்கடை. காதல் தோல்வி என்றது ரேஷன் கடை வரிசை. இந்தச் செய்திகளெல்லாம் எங்கிருந்து கிளம்புகின்றன என்று நீங்கள் என்னிடம் கடைசிவரை கேட்கவில்லை. பெருந்தன்மை.

டீக்கடைக்காரர் ஒருநாள் நேராகவே கேட்டார். "ஏன் தொரை, சிவகங்கைச் சீமையில எங்க ஆளுகளத் தூக்குல போட்டது உங்க தாத்தாவா?" நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "என் தாத்தா கசாப்புக் கடைக்காரர். அவர் கையால் செத்தது எல்லாம் ஆடுதான் என்று சொல்" என்றீர்கள். அன்று முதல் உங்களுக்கு அங்கே டீயில் சர்க்கரை தாராளம்.

வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன் நான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்திலேயே கிடைத்தால் விடுவேனா? புலி, பீரங்கி, பாலைவனம் என்று ஒரு தொடரே மனதில் ஓட்டிவிட்டேன். நீங்கள் சொன்னது வேறு. கசாப்புக் கடை வாடை பிடிக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தது. ஜெர்மனியில், வராத எதிரிக்காகப் பல குளிர்காலம் டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தது. வட அயர்லாந்துத் தெருக்களில், உங்கள் பாஷையே பேசுகிறவர்கள் உங்களை முறைத்தது. பிறகு பதவி உயர்வு, முதுகுவலி, மேஜை. "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று நான் குறைப்பட்டேன். "முதுகுவலியை வைத்து ஏதாவது முயற்சி செய்" என்றீர்கள்.

மேஜை வேலைக்குப் பிறகு என்ன என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆச்சியின் கணவர் தவறிய அன்றுதான் அது வெளியே வந்தது.

கேதத்துக்கு உங்களை முன்கட்டுக்கு அழைத்துப் போனவன் நான். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, ஓசைப்படாமல் நழுவிவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். எங்களுக்கெல்லாம் அது மூச்சு விடுகிற மாதிரி. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. நீங்கள் ஆச்சிக்கு முன்னால் விறைப்பாக நின்று, கைகூப்பி, நான் சொல்லிக்கொடுத்த சுத்தமான உச்சரிப்பில், "போயிட்டு வாரேன் ஆச்சி" என்றீர்கள்.

அழுகை நின்றுவிட்டது.

"யாருய்யா இவரக் கூட்டியாந்தது? கேத வீட்டுல மறுக்கா வாரேங்குறாரு!" என்றார் ஒரு பங்காளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேக்குத் தூணின் வேலைப்பாட்டை ரசித்தேன்.

ஆச்சிதான் காப்பாற்றினார். "விடுங்கப்பா. வந்தவுக எல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் போறீக. நிமிந்து பாத்தா ஆளக் காணோம். இவுக ஒருத்தராச்சும் சொல்லிட்டுப் போறாகளே. வாங்க மேஜரு."

பின்கட்டுக்கு வந்ததும் காரணத்தைக் கேட்டீர்கள். வருகிறேன் என்றால் சாவும் கூடவே திரும்பி வரும் என்று பயம் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "என் கடைசி வேலையே அந்த மாதிரி வீடுகளுக்குப் போவதுதான்" என்றீர்கள். போர்முனையில் பையன் இறந்தால் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்கிற அதிகாரி. "முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இறந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்கக் கூடாது."

ஒரு தாய் ஜன்னல் வழியே உங்கள் சீருடையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். நீங்கள் மழையில் நின்றீர்கள். "இன்னொரு முறை தட்டியிருக்கலாமே?" என்றேன்.

"அவள் திறக்கும்வரை அவள் மகன் உயிரோடு இருந்தான். அந்த நேரத்தை அவளிடமிருந்து பறிக்க எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை."

நான் அந்தத் தொடரை எழுதவில்லை, மேஜர். முதுகுவலியைக்கூட விட்டுவிட்டேன்.

நீங்கள் போன காலையில் ஆச்சி கொடுத்தனுப்பிய இட்லி மூடியபடியே இருந்தது. நீங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார். தூதரகத்துக்குச் செய்தி போனது. கடல் தாண்டி இருக்கும் உங்கள் மகளிடம் அவர்கள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அங்கே விடியட்டும் என்று காத்திருந்தேன்.

"தம்பி, எடுத்த எடுப்புல சொல்லிராதீக" என்றார் ஆச்சி. "ஒடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்னு சொல்லுங்க. தனியா இருக்குற புள்ள. பெறகு மெல்லச் சொல்லிக்கிருவோம்."

எங்கள் ஊர் வழக்கம் அதுதான். என் அப்பா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்: "கொஞ்சம் முடியல, கெளம்பி வா." சென்னையிலிருந்து வருகிற வழியில் திருச்சியில் இறங்கி அவருக்குச் சாத்துக்குடி வாங்கினேன். தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டபோது பை கையில் இருந்தது.

உங்கள் மகள் போனை எடுக்கும்போதே சிரித்தாள். என் நம்பர் வந்தால் உங்களைப் பற்றி ஒரு கதை வரும் என்பது அவளுக்குப் பழக்கம். "சொல்லுங்கள், அப்பா இந்த முறை யாரோடு சண்டை?" என்றாள்.

ஆங்கிலத்திலும் பஞ்சு வைத்த சொற்கள் நிறைய உண்டு. ஒன்றையும் எடுக்கவில்லை. "உங்கள் அப்பா இன்று காலை இறந்துவிட்டார்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

போனில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்றாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. "இல்லை, தனியாகத்தான் இருந்தார்" என்றேன்.

"போனை வைத்துவிடாதீர்கள்" என்றாள்.

வைக்கவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மூட மறந்திருந்தாள். அவள் மூச்சு ஏறி இறங்குவது கேட்டது. அப்போதுதான், என் பிழைப்பு அப்படி, ஒரு ஜோக் தொண்டைவரை வந்தது. உங்களைப் பற்றியதுதான். நல்ல ஜோக். சொல்லியிருந்தால் அவள் கட்டாயம் சிரித்திருப்பாள்; எனக்கும் அந்த இடத்திலிருந்து தப்பித்த மாதிரி இருந்திருக்கும்.

விழுங்கிவிட்டு நின்றேன். அதை இன்றுவரை எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உள்ளேயே இருக்கிறது, மேஜர்.