புறப்பட்டார்கள், பாளயமிறங்கினார்கள்

மார்ச் 9, 1943

வீட்டுக்காரரின் ஆபீசில் வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டுமாம். என் நோட்டில் ஜப்பான்காரனுக்கு என்ன வேலை?

உப்பு தீர்ந்துவிட்டது. மஜீத் காக்கா கடையில், ரோக்கோ சிகரெட் சுருட்ட மெல்லிய தாள் கொடுத்தால் உப்பு கிடைக்கிறது. வீட்டில் மெல்லிய தாள் வேதாகமம் ஒன்றுதான். எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை, இவர் சிரிக்கிறார். "சங்கீதத்தத் தொடாத. எண்ணாகமத்துல வெறும் ஊர்ப்பேரா வரும் பாரு, அதக் கிழி. யாரு படிக்கப்போறா?" தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூளை! கிழித்தேன். குழம்பில் உப்பு இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மே 2

இவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை ஏற்றினார்கள். கணக்கெழுத ஒரு கிராணி வேண்டுமென்று இவரையும் லாரியில் ஏறச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாமாம். ரப்பர் பால்வெட்டுக்காரி செல்லாயியின் புருஷன் முருகையாவும் அதே லாரியில். இவர் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. தைத்துக் கொடுக்கக்கூட விடவில்லை, பாவிகள்.

ஜூலை 18

சங்கீதம் படிக்க முடியவில்லை. ஆயிரம் பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் வராது என்கிறது. விழுகிற அந்த ஆயிரம் பேர் யார்? அவர்களுக்குப் பெண்டாட்டி இல்லையா? புத்தகத்தை மூடிவிட்டேன். இது பாவமா? தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

ஜூலை 25

இன்று திறந்தபோது நான் கிழித்த இடம்தான் வந்தது. அதற்கு முந்திய பக்கம் மிச்சம் இருக்கிறது. எகிப்தை விட்டு வந்தவர்கள் தங்கிய இடங்கள். ஓரிடத்திலிருந்து புறப்பட்டார்கள், இன்னோரிடத்தில் பாளயமிறங்கினார்கள். அவ்வளவுதான். ஆறுதல் இல்லை, வாக்குத்தத்தம் இல்லை. ஆனால் ஒரு இடத்தையும் விடாமல் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்.

அழுதுவிட்டேன். ஊர்ப்பெயரைப் படித்து யாராவது அழுவார்களா? பைத்தியம் பிடிக்கிறதோ?

ஆகஸ்ட் 8

செல்லாயி தினமும் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அந்த நடந்துபோனவர்கள் கதையைப் படி என்று உட்கார்ந்துவிடுகிறாள். இன்று பக்கம் முடிந்த இடத்தில் கேட்டாள், "போய்ச் சேந்தாங்களா கிராணிம்மா?"

சேர்ந்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த பக்கத்தை உப்புக்குக் கொடுத்தவள் நான்தானே.

ஆகஸ்ட் 9

கடைக்குப் போனேன். எல்லாம் புகையாகியிருக்கும் என்று தெரிந்தும் போனேன். மஜீத் காக்கா கூரைச் சந்திலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். என் தாள்கள், கசங்காமல்.

"வேதத்தக் கொளுத்தக் கூடாதும்மா. ஒங்க வேதமா இருந்தாலும்."

பிறகு ஏன் உப்புக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10

படித்தேன். நடுவில், அவர்களை நடத்திவந்தவர்களில் ஒருவரான ஆரோன், ஓர் என்கிற மலையில் ஏறி, அங்கேயே இறந்துபோகிறார். மற்றவர்கள் மறுபடி புறப்படுகிறார்கள். என்ன கல்நெஞ்சு இது!

செல்லாயிக்கு அதைப் படிக்கவில்லை. அந்த இடத்தில் குரலை வேகமாக்கித் தாண்டிவிட்டேன். ஆற்றங்கரை வரை வந்துவிட்டார்கள் என்று முடித்தேன். அவள் நிம்மதியாகப் போனாள். நான்?

ஏப்ரல் 9, 1944

ஈஸ்டர். செய்தி இல்லை.

நவம்பர் 11, 1945

முருகையா வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக. செல்லாயி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கூட இவர் இல்லை.

அவராகவே சொன்னார். பான்போங்கில் இறக்கினார்களாம். அங்கிருந்து காஞ்சனபுரி. அங்கிருந்து தார்சோ. பிறகு கின்சையோக். அதற்கப்புறம் குரல் வேகமெடுத்தது. பர்மா எல்லை, சண்டை முடிந்தது, ரயில், வீடு.

அந்த வேகம் எனக்குத் தெரியும்.

"நடுவுல ஒரு எடத்தத் தாண்டிட்டீங்க முருகையா. சொல்லுங்க."

தரையைப் பார்த்தார். "நீக்கின்னு ஒரு எடம்" என்றார். "வாந்திபேதி. ஐயாவ அங்கதான் பொதச்சோம். மறுநாளே பொறப்படச் சொல்லிட்டானுங்க கிராணிம்மா."

செல்லாயிதான் அழுதாள். நான் வேதாகமத்தை எடுத்து, ஆரோன் இறந்த அந்த மலையின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: நீக்கி. பரஞ்சோதி. கட்டினவர் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிறகு செல்லாயிக்கு அந்தப் பக்கத்தைப் படித்தேன், மலையைத் தாண்டாமல்.