மைனஸும் ஆனந்தவல்லி அம்மாவும்

ஜூன் 9
வீட்டு வாசலில் என் டியூஷன் பலகை மாட்டியாயிற்று. “செம்மொழி, எம்.எஸ்சி. கணிதம். ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கவனம்.” உள்ளே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஒரே கரும்பலகை, ஒரே வேகம். தனிக்கவனம் என்றால் பத்தொன்பது பேரையும் தனித்தனியாகத் திட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். திருவையாற்றில் இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஜூன் 17
புதிய மாணவி. வயது நாற்பத்தொன்று. பெயர் ஆனந்தவல்லி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவர்.
“அமைப்பாளர் அம்மா அடுத்த வருசம் ரிட்டயர் ஆவுறாங்க டீச்சர். அந்த வேலைக்குப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும்.”
ரிஃப்காவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ரிஃப்கா கெட்டிக்காரி. நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, மீதி நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள்.

ஜூலை 8
நான் ஒரு மகா ஆசிரியை. மைனஸ் மூன்றையும் மைனஸ் ஐந்தையும் கூட்டி, பிளஸ் எட்டு என்று எழுதியிருந்தார் ஆனந்தவல்லி அம்மா. “ரெண்டு மைனஸ் சேந்தா பிளஸ்தான டீச்சர்?”
“ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூட இது தெரியுமே!” எல்லார் முன்னாலும் கத்தினேன். பின்வரிசை சிரித்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.
எங்கம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு. அப்படியா பேசுறது? இந்த வாய் இருக்கே—

ஜூலை 12
நாலு நாளாக அவர் வரவில்லை.

ஜூலை 14
பள்ளிக்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அன்றைய வருகை நூற்றுப் பதினாறு. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு அளந்து கொட்டினார். முதுகலைப் பட்டதாரியான நான் செல்போனை எடுத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். சாப்புடுறீங்களா?”
இதற்குப் பதில் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம்.

ஜூலை 20
அவர் திரும்ப வருகிறார். எனக்கோ ஞானம் பிறந்துவிட்டது! பாடம் முழுவதையும் அரிசியாக மாற்றிவிட்டேன். எக்ஸ் ஒரு மூட்டை, ஒய் ஒரு படி. நிகழ்தகவுக்கு முட்டை: பத்தில் இரண்டு அழுகல். விருது எப்போது தருவார்கள்?

ஜூலை 23
தந்தாயிற்று.
“நாள் பூரா அரிசியோடதான் கெடக்கறேன் டீச்சர். இங்கயும் அரிசியா? பரீட்சையில எக்ஸுதான கேப்பாங்க? எக்ஸையே சொல்லித் தாங்க.”
“சரி, எந்த எடத்துலேருந்து புரியல?”
“அதத்தான் இதுவரைக்கும் யாரும் கேக்கல.”
ஆறாம் வகுப்பில், நடவு சமயத்தில், அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போய் ஒன்றரை மாதம் பள்ளிக்குப் போகவில்லையாம். திரும்பியபோது மைனஸ் நடத்தி முடித்திருந்தார்கள். “கேட்டா அடிப்பாங்கன்னு, புரிஞ்ச மாதிரி தலையாட்டுனேன். இன்னைக்கி வரைக்கும் ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன்.”
ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 2
எல்லாரிடமும் ஒரு சீட்டில் எழுதச் சொன்னேன்: எந்த இடத்தில் தலையாட்ட ஆரம்பித்தீர்கள்? பெரும்பாலும் பின்னம். பரிதி, “ஏழாம் வாய்ப்பாடு.” நிலோஃபர், “நீங்க வேகமா அழிச்ச அன்னைக்கு.” ரிஃப்கா, “புரியுது மிஸ். போரடிக்குது.”
இனி ஆளுக்கொரு கணக்குத் தாள் தயாரிக்க வேண்டும். ரிஃப்காவுக்குப் பதினோராம் வகுப்புப் புத்தகம். எனக்கு முதுகுவலித் தைலம்.

நவம்பர் 30
விடாத மழை. மூன்றே பேர். ஆனந்தவல்லி அம்மா நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். இருபடிச் சமன்பாடு. இரண்டு தடவை அவர் தப்புச் செய்தார். மூன்றாம் தடவை, பலகையில் நான் செய்த தப்பைக் காட்டினார். மைனஸை விட்டிருக்கிறேன்.

மே 24
ஐம்பத்தெட்டு மார்க். பாஸ்.
ஆனால் போன வாரமே அந்த அமைப்பாளர் வேலைக்கு வேறு ஊரிலிருந்து ஒருவரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அப்படியொரு சுறுசுறுப்பு.
ஆறுதல் வார்த்தைகளைக் காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். அவர் வந்தார், மார்க்கைக் காட்டினார், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒத்திகையை விட்டுவிட்டு வேறு சொன்னேன்.
“பிளஸ் ஒன்னும் எழுதலாம்மா. கணக்கே இல்லாத குரூப்பு இருக்கு.”
“கணக்கு இருக்கறது எது டீச்சர்?”