இரண்டாம் ஓலையில் எழுந்து நின்றவள்

தூத்துக்குடி
10.8.2025, ஞாயிறு மாலை

அன்பு ஜெப்ஸிக்கு,

பதினோரு தடவை அழைத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன். உன் தங்கை ஸ்டெபி நாளை கல்லூரி விட்டு ஊருக்கு வரும்போது இதைத் தருவாள். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

காலையில் நம் சாயர்புரம் கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பை, இரண்டாம் ஓலையை, வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரியப்படுத்தலாம்" என்று குருவானவர் நிறுத்தின நொடியில் என் போனில் லாரி ஓட்டுகிற வேல்ராஜ் அண்ணாச்சியின் செய்தி. இறால் கண்டெய்னரோடு துறைமுக வாசலில் நிற்கிறார். ஏற்றுமதி அலுவலகத்தில் நான் தயாரித்த தாளில் கண்டெய்னரின் சீல் எண் தப்பு. பத்து மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

எழுந்தேன். கோயில் மொத்தமும் திரும்பியபோதுதான் எந்த நேரத்தில் எழுந்திருக்கிறேன் என்று உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மூன்று வருடத்துக்கு முன் இதே உன் மாப்பிள்ளை நேசக்குமாருக்கு என்னைப் பெண் கேட்டுப் பேச்சு முறிந்தது ஊருக்கே தெரியும். இனி யார் என்னை நம்புவார்கள்? நீ நம்பினால் போதும்.

உன்,
ஜெபசுதா


சாயர்புரம்
11.8.2025

ஜெபசுதா,

அந்தக் கண்டெய்னருக்கு இரண்டு நிமிடம் பொறுக்கத் தெரியாதா? "தடை இல்லை" என்றாவது சொல்லிவிட்டு ஓடியிருக்கலாமே!

முன் வரிசையில் அவர் அம்மா இருந்தார்கள். "ஏளா ஜெப்ஸி, ஒன் கூட்டுக்காரி மனசுல என்னத்த வச்சிருக்கா?" என்று கோயில் வாசலிலேயே நாலு பேர் காதுபடக் கேட்டார்கள். என் அம்மா அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூட வேலையை விடச் சொன்னார் அவர். அதற்கும் தலையாட்டி, ராஜினாமா எழுதித் தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். இவ்வளவு விட்டுக்கொடுத்துக் கூடிவந்த கல்யாணத்தில் நீயா குறுக்கே நிற்க வேண்டும்?

கல்யாணத்துக்கு வராதே.

ஜெப்ஸி


தூத்துக்குடி
13.8.2025, புதன் காலை

அன்பு ஜெப்ஸிக்கு,

வராதே என்றாய், சரி. செய்யாத தப்புக்குப் பழியை மட்டும் சுமக்க மாட்டேன்.

நேற்று மாலை வேல்ராஜ் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நாசரேத்தில் நேசக்குமார் வீட்டுக்கே போனேன். அவர் அம்மா வீட்டில் இல்லை. செய்தி வந்த நேரத்தைப் போனில் காட்டினேன். அண்ணாச்சியும் விடவில்லை. "தம்பி, இந்தப் பிள்ள ஓடி வந்து தாளைத் திருத்தலன்னா எறா பூராவும் திரும்பி வந்திருக்கும். ஒங்க கல்யாணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது" என்றார். நேசக்குமார் சிரித்தார். "சரி, புரிஞ்சிட்டு. ஜெப்ஸிகிட்ட நானே சொல்லுதேன்" என்றார். என் நெஞ்சுப் பாரமே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலைக்கு வருவேன். போனை வீட்டில் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில், ஊரே பார்க்க உட்கார்ந்தே இருப்பேன்.

உன்,
ஜெபசுதா


சாயர்புரம்
14.8.2025

என் அன்பு ஜெபசுதா,

நேற்று மாலை அவர் வந்தார். உன் கடிதம் ஒரு மணி நேரம் முன்னால்தான் வந்திருந்தது. அவராகச் சொல்லட்டும் என்று அதை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. "சுதாகிட்ட ஏதும் விசாரிச்சீங்களா?" என்று நானே கேட்டேன்.

"என்னத்த விசாரிக்க? பாவம், இன்னும் என்னையே நெனச்சிட்டு இருக்கா. நீ அவ சகவாசத்த விட்டுரு" என்றார், பெருமையாகச் சிரித்துக்கொண்டு.

வேலையை விடு, தோழியை விடு. பொய் சொல்கிறவரை மட்டும் நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்தபோது, கோபம் வருமுன், ஒரு நொடி எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது. அதை மறைக்கத்தான் உன்மேல் அப்படிப் பாய்ந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். இந்தக் கல்யாணம் வேண்டாமென்று அப்பாவிடம் சொன்னேன். "நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்" என்றார். அம்மா அழுதார்கள், ஆனால் இன்றைக்குச் சாப்பிட்டார்கள்.

குருவானவரிடம் சொல்லி ஓலையைச் சத்தமில்லாமல் நிறுத்தலாம்தான். நிறுத்தினால் ஊர் உன்னைத்தான் சொல்லும். அதனால் மூன்றாம் ஓலையை வாசிக்கட்டும். குருவானவர் கேட்டு நிறுத்தும்போது நானே எழுவேன்.

கடைசி பெஞ்செல்லாம் வேண்டாம், என் பக்கத்தில் வந்து உட்கார். போனையும் கொண்டு வா. ஆனால் எத்தனை கண்டெய்னர் நின்றாலும் நீ மட்டும் எழுந்துவிடாதே.

உன்,
ஜெப்ஸி