பட்டுக் கைக்குட்டையில் சிவந்த கறை

ரோசம்மாவுக்கு,

முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். நீ முகம் திருப்பிப் படுத்திருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நேற்று என் பட்டுக் கைக்குட்டையைத் துவைத்துவிட்டு, "இது எவ நெத்திக் குங்குமங்க?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள், "எங்க ஆத்தா வூட்டுக்கே போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாய்.

நல்லம்பள்ளிக் கல்யாணப் பந்தியில் சட்டையில் சிந்திய சாம்பாரை அந்தக் கைக்குட்டையால்தான் துடைத்தேன். சாம்பாரில் மஞ்சள் உண்டு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் அல்லவா? சோப்பிலும் அதே காரம்தான் இருக்கிறது. நம்பாவிட்டால் பழந்துணியில் மஞ்சளைத் தேய்த்துச் சோப்புப் போட்டுப் பார். சிவக்காவிட்டால் மொரப்பூரில் ரயிலேறு, தடுக்கமாட்டேன்.

சிவந்தால், கைக்குட்டைக் கறையில் எலுமிச்சைச் சாறு விடு, மறுபடி மஞ்சளாகும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் இளவெயிலில் போடு. வெயில் மஞ்சளைத் தின்றுவிடும். அதிக நேரம் கிடந்தால் பட்டின் பளபளப்பையும் தின்னும்.

ராத்திரி நீ சாப்பிடவில்லை. குழம்பு வைத்திருக்கிறேன், உப்பு கொஞ்சம் தூக்கல்.

கஸ்பார்

காய்ந்ததும் என் சட்டைகளோடு வைக்காதே. கஞ்சி மொடமொடப்பில் பட்டு உரசும். உன் கல்யாணச் சேலை மடிப்புக்குள் வை. அதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.