பாதியில வெளிய வந்தவ

அப்பா,

தீயணைப்பு நிலையத்துல என்னை எடுத்துட்டாங்க. திங்கட்கிழமை சேரறேன். "அதுல சேர்ந்தா இந்தப் பக்கம் வராதே"ன்னீங்க. சரி. சம்மதம் கேட்டு எழுதலை, இது தகவல்தான்.

"காலேஜைப் பாதியில விட்டவ, தீயையும் பாதி அணைச்சிட்டு ஓடி வந்துருவா"ன்னு மாமாகிட்ட சொல்லிச் சிரிச்சீங்களாமே? மாமா வாய் சும்மா இருக்குமா?

கேளுங்க. கடைசித் தேர்வு, புகை நிரப்பின இருட்டு அறையில. ஜோடி ஜோடியா உள்ள போய், ஆள் கனத்துல ஒரு பொம்மை கிடக்கும், அதை வெளிய இழுத்துட்டு வரணும். என் ஜோடி மலை மாதிரி ஆளு. பொம்மை என் கைக்கு எட்டுற நேரம் பார்த்து முகமூடியைப் பிச்சு எறியப் போனான். "அக்கா, மூச்சு முட்டுதுக்கா!" என்னைவிடப் பெரியவன், அக்காவாம்! பொம்மையை விட்டேன். அவனை பெல்ட்டோட பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தேன்.

போச்சு, இதுவும் பாதியிலன்னு நினைச்சேன். ஆனா அதிகாரி, வேற ஜோடிகள்ல பொம்மையோட தனியா வந்த ரெண்டு பேரைத்தான் வீட்டுக்கு அனுப்பினார். "ஜோடியை உள்ள விட்டுட்டு வர்றவன் எனக்கு வேண்டாம்."

பாதியில வெளிய வந்ததுக்குத்தான்பா எனக்கு இந்த வேலை!

நீங்க பேச வேண்டாம். கதவைச் சாத்தியே வையுங்க. ஆனா நம்ம தெரு எங்க ஸ்டேஷன் எல்லைக்குள்ளதான் வருது. தனியா சமைக்கிறேன்னு அடுப்பை அணைக்க மறக்கிற ஆளு நீங்க. அவசரம்னா நான்தான் வருவேன். திறக்கலைன்னா கோடாலியால உடைப்பேன். அதுக்கும் பயிற்சி தர்றாங்க.

உங்க மக